பராமரிப்பு நோட்டில் எதை எழுதுவது, யாரிடம் காட்டுவது? – வாசகர் கேள்வி பதில்

முதியவர்களைப் பராமரிக்கும் இடங்களில் பதிவேடு எழுதுவது பற்றியும், அதிலுள்ள விவரங்களைக் காப்பது பற்றியும் நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. கேட்டவர்களின் பெயர்களையும் இல்லங்களின் பெயர்களையும் எடுத்துவிட்டோம்.

எங்கள் இல்லத்தில் ஷிப்ட் முடிந்ததும் பணிப்பெண்கள் நோட்டு எழுதிவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ‘சாப்பிட்டார், தூங்கினார், நலம்’ என்றுதான் இருக்கிறது. ஒரு பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கேட்ட எதற்கும் நோட்டில் பதில் இல்லை. எப்படி எழுதச் சொல்வது?
– பொறுப்பாளர், கோத்தகிரி

முதலில் ‘நலம்’ என்ற சொல்லை நோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அது எழுதுபவரின் முடிவு. ராத்திரி டியூட்டிக்கு வருபவருக்கு வேண்டியது, பகலில் இருந்தவர் கண்ணால் பார்த்தது. நேரம், பார்த்தது அல்லது அவர் சொன்னது, நீங்கள் செய்தது, யாரிடம் சொன்னீர்கள் என்ற நாலும் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்கட்டும். இப்படி:

‘காலை 8.10. ரெண்டு இட்லி வைத்ததில் அரை இட்லி சாப்பிட்டார். “தொண்டையில இறங்க மாட்டேங்குது” என்றார். தண்ணீர் குடிக்கும்போது இருமினார். நிமிர்த்தி உட்காரவைத்தேன். மேற்கொண்டு எதுவும் கொடுக்கவில்லை. 8.20க்கு சிஸ்டரிடம் சொன்னேன்.’

இதை எழுத ரெண்டு நிமிடம் போதும். விழுங்குவதில் சிக்கல் என்பது டாக்டருக்குப் படித்தவுடனே புரிந்துவிடும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா ஆவதற்கு முன்பே பிடித்துவிடலாம். ‘சாப்பிட்டார்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த அரை இட்லி யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

‘பிடிவாதம் செய்தார்’, ‘அடாவடி’ போன்ற சொற்களும் வேண்டாம். ‘குளிக்கக் கூப்பிட்டபோது கையைத் தட்டிவிட்டார், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார்’ என்று எழுதினால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலுக்கு முன்பே குழப்பமும் கோபமும் தலைகாட்டுவதுண்டு. இன்னொன்று: எழுதப்பட்டவரே ஒருநாள் அந்தப் பக்கத்தைப் படிக்கலாம். அந்த நினைப்போடு எழுதினால் கை தானாகவே நிதானிக்கும்.

அளவு தெரியாமல் எழுதும் பதிவால் பயன் குறைவு. உங்கள் இல்லத்தில் புழங்கும் எவர்சில்வர் டம்ளரில் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஒருமுறை அளந்து, அந்த எண்ணை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். 52 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால், அதாவது சுமார் 5 சதவீதம் குறைந்திருந்தால், டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஆக்சிஜன் அளவு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே பல்ஸ் ஆக்சிமீட்டர் சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டலாம். அதனால் அவர் நன்றாக இருக்கும் நாட்களில் சில முறை பார்த்து, ‘வழக்கமான அளவு’ என்று முதல் பக்கத்தில் குறித்துவையுங்கள். திடீரென்று குறைந்தால் எதிலிருந்து குறைந்தது என்று அப்போதுதான் சொல்ல முடியும். குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும். கையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்கி, எண் நிலையான பிறகு எழுதுங்கள்.

மருந்து அட்டவணைதான் உயிரோடு விளையாடும் இடம். கொடுத்த பிறகுதான் கையெழுத்து. முன்கூட்டியே போட்டுவைப்பது கூடவே கூடாது. மறுத்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் ‘மறுத்தார்’ என்றும் காரணத்தையும் எழுதுங்கள். காலிக் கட்டத்தைப் பார்ப்பவர் இரண்டாம் முறை கொடுத்துவிடுவார். இன்சுலினுக்கு ‘யூனிட்’ என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். எண்ணுக்குப் பின்னால் ஆங்கில ‘யு’ எழுத்தைப் போட்டால் அது பூஜ்யம் போலத் தெரிந்து, 10 யூனிட் 100 ஆகிவிடும். 5.0 என்று எழுதாமல் 5 என்றும், .5 என்று எழுதாமல் 0.5 என்றும் எழுதுவது, புள்ளி கண்ணில் படாமல் அளவு பத்து மடங்காகிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

தப்பாக எழுதிவிட்டால் வைட்னர் வேண்டாம், பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம். ஒரே கோடு போட்டு அடியுங்கள், பழையது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், சுருக்கொப்பம் போடுங்கள். மறந்துபோய் மறுநாள் எழுதினால் ‘தாமதப் பதிவு’ என்று குறிப்பிட்டு, எழுதும் நேரத்தையும் நடந்த நேரத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். நோட்டுக்குப் பக்க எண் முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

எங்களிடம் வேலை பார்ப்பவர்களில் இரண்டு பேருக்கு எழுதப் படிக்கச் சிரமம். ஆனால் கவனிப்பில் அவர்களைப் போல யாரும் இல்லை.
– பந்தலூர்

அப்படிப்பட்டவர்களை நோட்டுக்காக இழந்துவிடாதீர்கள். சாப்பாடு, தண்ணீர், மலம், புரட்டிப் படுக்கவைத்தது ஆகியவற்றுக்குப் படம் போட்ட டிக் அட்டவணை அச்சடித்துக் கொடுங்கள். படுக்கையிலேயே இருப்பவருக்குப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒரு கட்டம். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். ‘பார்த்தவர்’, ‘எழுதியவர்’ என்று இருவரையும் குறித்து, திரும்பப் படித்துக்காட்டி அவருடைய கைநாட்டை வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தி அனுப்புவதைப் பதிவாக எடுத்துக்கொள்ள முடியாது. போன் போனால் அதுவும் போய்விடும்.

குன்னூரில் அப்பா இருக்கும் இல்லத்தில் உறவினர்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குரூப் வைத்திருக்கிறார்கள். தினமும் படம் வருவது மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் ஒருநாள் வேறொரு பெரியவரின் படுக்கைப்புண் படம் எங்கள் எல்லோருக்கும் வந்தது. டாக்டருக்கு அனுப்ப வேண்டியது மாறி வந்துவிட்டதாம். என்ன செய்யச் சொல்லலாம்?
– பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன்

உங்கள் போனிலிருந்து தொடங்குங்கள். சாட்டில் அழித்தால் மட்டும் போதாது. கேலரியிலும், கூகுள் போட்டோஸிலும், அதன் குப்பைத்தொட்டியிலும் பார்த்து நீக்குங்கள். அங்கே பேக்கப் ஆன படம் 60 நாள் வரை தங்கும். மற்ற உறவினர்களையும் நீக்கச் சொல்லுங்கள். அந்தப் பெரியவரின் குடும்பத்துக்கு நடந்ததை இல்லமே நேரில் சொல்லியாக வேண்டும். மூடி மறைத்தால் நம்பிக்கை போய்விடும்.

இல்லத்தாரிடம் இதைச் சொல்லுங்கள். உடல்நிலை பற்றிய எதுவும் குரூப்பில் வரக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் செய்திதான். அதுவும் இல்லத்துக்குச் சொந்தமான போனிலிருந்து, லாக் போட்டு. பணியாளரின் சொந்தப் போனில் எடுத்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது படங்களும் அவரோடு போய்விடும். அந்தப் போனின் வாட்ஸ்ஆப்பில், வரும் படங்களைக் கேலரியில் காட்டும் ‘மீடியா விசிபிலிட்டி’யையும், கூகுள் போட்டோஸில் பேக்கப்பையும் அணைத்துவிட வேண்டும்.

புண்ணைப் படம் எடுப்பதில் தவறில்லை, வைத்தியத்துக்குத் தேவை. முகம் தெரியாமல், புண்ணுக்குப் பக்கத்தில் சென்டிமீட்டர் ஸ்கேல் வைத்து, தேதி எழுதிய சீட்டோடு எடுக்க வேண்டும். டாக்டருக்கு அனுப்பி, கோப்பில் சேர்த்ததும் போனிலிருந்து நீக்கிவிட வேண்டும். இடம், நீள அகலம், நிறம், நாற்றம், கசிவு எல்லாம் புண் அட்டவணையில் எழுத்தாகவே இருந்தால் படத்தின் தேவையே பாதி குறைந்துவிடும்.

பொங்கல், தீபாவளிப் படங்களுக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். மறதி நோய் உள்ளவரால் வாயால் சொல்ல முடியாமல் போகலாம். போனைத் தூக்கியதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாலோ, ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டதாகத்தான் அர்த்தம். மகனோ மகளோ சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் எடுக்கக் கூடாது. பின்னணியில் மருந்து அட்டவணையோ, இன்னொருவரின் கட்டிலோ விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆதார் நகல், பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து லேப்டாப்பில் வைத்திருக்கிறோம். புதிய சட்டம் சின்ன இல்லத்துக்கும் பொருந்துமா?
– உதகை

பொருந்தும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. காகிதத்தில் மட்டுமே இருப்பதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நீங்கள் ஸ்கேன் செய்த நொடியிலிருந்து பொருந்தும். ஒரு குடும்பம் தன் வீட்டுப் பெரியவருக்காகத் தானே வைத்திருக்கும் குறிப்புக்கு விலக்கு உண்டு. இல்லத்துக்கும் ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிக்கும் கிடையாது. போதிய பாதுகாப்பு செய்யாவிட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். விவரங்கள் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு விரிவான அறிக்கை 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை உண்டு. சேர்க்கைக்கு முழு ஆதார் எண் தேவையில்லாத இடத்தில் முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரை வாங்குங்கள். ஏ.டி.எம். பின் நம்பர், ஓ.டி.பி. எந்தக் காரணத்துக்காகவும் எங்கும் எழுதக் கூடாது. லேப்டாப்பில் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் வையுங்கள். எல்லோரும் ஒரே பாஸ்வேர்ட் போட்டால் யார் எதைத் திறந்தார்கள் என்று பிறகு சொல்ல முடியாது. ஜெராக்ஸ் கடைக்கு மெயிலில் அனுப்பிப் பிரிண்ட் எடுப்பதை நிறுத்துங்கள். அந்தக் கோப்பு கடைக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். பிரிண்டர் ஒன்று வாங்கிப் போடுவது செலவானாலும் அவசியம்.

சம்மத அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது சட்டம். நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு மொழி அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக விட்டுவிடாதீர்கள். தமிழில் எழுதி, படுகு பேசும் பணியாளர் ஒருவரை வைத்து வாய்விட்டுச் சொல்லி, யார் சொன்னார், பெரியவர் என்ன பதில் சொன்னார் என்று படிவத்தின் கீழே எழுதுங்கள்.

வீட்டோடு தங்கி ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். சொத்துத் தகராறு ஓடுகிறது. ‘அம்மாவுக்கு மறதின்னு நோட்டுல எழுதி போட்டோ எடுத்து அனுப்பு’ என்கிறார் மூத்த மகன். ‘அப்படி எழுதாதே’ என்கிறார் மகள். எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஹோம் நர்ஸ், கூடலூர்

உங்கள் நிலை கஷ்டமானது, ஆனால் செய்ய வேண்டியது தெளிவு. இருவர் சொன்னதையும் எழுதாதீர்கள். ‘மறதி’ என்று முடிவு கட்டுவது டாக்டர் வேலை. ‘மாலை 4க்கு மதியம் சாப்பிட்டது நினைவில்லை என்றார், பேரன் பெயரைச் சரியாகச் சொன்னார்’ என்று இரண்டையும் எழுதுங்கள். பழைய தேதியில் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். மை, கையெழுத்து, நெருக்கி எழுதிய விதம் எல்லாம் பிறகு காட்டிக்கொடுக்கும்.

நோட்டு அந்த அம்மாவைப் பற்றியது. அவருக்குப் புரிகிற நிலை இருந்தால் அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் மகனுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. நகல் கேட்பவரை எழுத்தில் ஏஜென்சிக்கு எழுதச் சொல்லுங்கள். கோர்ட்டோ, கோட்டாட்சியர் தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயமோ உத்தரவிட்டால் கொடுக்கலாம். போலீஸ் கேட்டால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின் கீழ் எழுத்து உத்தரவு கேளுங்கள். கொடுத்த தேதி, பக்கங்கள், வாங்கியவர் கையெழுத்து ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவை மிரட்டிக் கையெழுத்து வாங்குவதாகத் தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567க்குப் பேசுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை.

ராத்திரியில் 108 வரும்போது என்ன கொடுத்தனுப்புவது? முழு நோட்டையுமா?
– அருவங்காடு

வேண்டாம், நோட்டு திரும்பி வராது. ஒரே ஒரு தாளைத் தயாராக வைத்து, மருந்து மாறும்போதெல்லாம் புதுப்பியுங்கள். பெயர், வயது, அலர்ஜி, இப்போதைய மருந்துகளும் அளவும், கடைசியாகக் கொடுத்த நேரம், வழக்கமான ஆக்சிஜன் அளவு, வழக்கமாக எப்படிப் பேசுவார், நடப்பார், எந்த மொழி புரியும், பல் செட், காது மெஷின், குடும்பத்தின் போன் எண். அவசர நேரத்தில் சிகிச்சைக்காக இவற்றைச் சொல்வதற்குச் சட்டமும் தடையில்லை. மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குப் போனாலும் அங்கிருக்கும் டாக்டருக்கு இது போதும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவருபவருக்கும் அந்த அளவுகளைக் காட்டினால் போதும். நோட்டை முழுதாகப் புரட்டத் தர வேண்டியதில்லை.

ஜூனில் மழை பிடித்தால் ரெஜிஸ்டரெல்லாம் பூஞ்சை. பழையதை எடைக்குப் போட்டுவிடலாமா?
– கூடலூர்

எடைக்குப் போட்டால் அந்தப் பக்கம் நாளைக்கு ஏதோ ஒரு கடையில் பொட்டலமாகும். ஒருவரின் பெயரும் நோயும் அப்படித் தெருவுக்கு வரக் கூடாது. குறைந்தது 3 வருடம் வைத்திருங்கள். வழக்கோ புகாரோ இருந்தால் அது முடியும் வரை. அதற்குப் பிறகு நறுக்கும் மெஷினில் போட்டோ, ஊறவைத்துக் கூழாக்கியோ அழித்து, அழித்த தேதியையும் இரண்டு பேர் கையெழுத்தையும் ஒரு ரெஜிஸ்டரில் எழுதுங்கள்.

பூஞ்சைக்குக் காரணம் பீரோ வெளிச்சுவரை ஒட்டியிருப்பதுதான். ஒரு சாண் தள்ளிவையுங்கள், கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள், வெயில் அடிக்கும் நாளில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது திறந்துவையுங்கள். ஜெல் பேனா ஈரத்தில் கலைந்துவிடும், பால்பாயிண்ட் நிற்கும். பீரோ சாவி ஷிப்ட் பொறுப்பாளர் இடுப்பில் இருக்கட்டும், ஆணியில் மாட்ட வேண்டாம்.