மழை கூடியும் மக்காச்சோளம் குறைந்தது ஏன்?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை பக்கம் மூன்று ஏக்கர் கரிசல், மானாவாரி மக்காச்சோளம். முந்தின வருசத்தைவிட போன வருசம் மழை அதிகம். ஆனால் ஏக்கருக்கு 26 மூட்டை எடுத்த காட்டில் 15தான் தேறியது. புரட்டாசிக் கடைசியில் விதைத்தோம். ஐப்பசியில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. பூ எடுக்கும்போது இருபது நாள் மழையே இல்லை. கதிரெல்லாம் பொக்கை. விதையை மாற்றி டானிக் அடிக்கச் சொல்கிறார் கடைக்காரர். எந்த ரகம் வாங்கலாம்?

பதில்: ரகத்தை அப்புறம் பார்க்கலாம். ஐப்பசியில் நின்ற தண்ணீர்தான் கார்த்திகையில் உங்களைக் கவிழ்த்தது. ஆறு இலை வரும்வரை மக்காச்சோளத்தின் குருத்து மண்ணுக்குள்ளேதான் இருக்கும். அப்போது தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டி மேலாகவே நின்றுவிடும், போட்ட யூரியாவும் வீண். பிறகு மழையில்லாமல் காய்ந்தால், அடிமண்ணில் ஈரம் இருந்தும் வேர் எட்டாது. கதிர்முடி தாமதமாக வெளியே வரும். அதற்குள் மகரந்தம் கொட்டி முடிந்திருக்கும், மணி பிடிக்காமல் கதிர் பொக்கையாகும்.

அடுத்த முறை பூத்து நான்கைந்து நாளில் ஒரு கதிரைப் பறித்து, மட்டையை மெதுவாக உரித்து உதறிப் பாருங்கள். கருப்பிடித்த மணியின் முடி உதிரும். பிடிக்காதது ஒட்டியே இருக்கும். முக்கால்வாசி ஒட்டியிருந்தால் எந்த டானிக்கும் மணி வைக்காது. அதை விற்பவர் உங்கள் காட்டுக்கு வந்து பார்த்தாரா?

பாத்தி போடாமல் கரிசலில் மக்காச்சோளம் விதைக்கவே கூடாது என்பேன். 120 செ.மீ. அகல மேட்டுப்பாத்தி, அதில் இரண்டு வரிசை, பாத்திக்கும் பாத்திக்கும் இடையில் 15 செ.மீ. ஆழச் சால் (நீளப் பள்ளம்), லேசான வாட்டத்தோடு. முதல் முப்பது நாள் சால் வடியட்டும். இரண்டாம் களை எடுத்ததும் நான்கு மீட்டருக்கு ஒரு மண் அணை போட்டு அடைத்துவிடுங்கள். அதன்பின் பெய்வது காட்டிலேயே நிற்கும். தட்டையாக விதைத்துவிட்டு மழையைத் திட்டிப் பயனில்லை.

பண்ணைக்குட்டை இருந்தால் பூக்கும் சமயம் ஒரே ஒரு தண்ணீர், ஒரு சால் விட்டு ஒரு சால். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். 30 மி.மீ. அளவு நனைக்க 1,20,000 லிட்டர் வேண்டும், குட்டையை அளந்துகொள்ளுங்கள்.

வருசத்து மொத்த மழையைச் சொல்வதை நிறுத்திவிட்டு, நேர்ச்சுவர் டப்பா ஒன்றை வெட்டவெளியில் வைத்து, விதைத்த நாளிலிருந்து தினமும் காலையில் ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். பூத்து மணி பிடிக்கும் 40-லிருந்து 70-ம் நாள் வரை என்ன விழுந்தது என்று தெரிந்தபின் ரகம் கேளுங்கள்.