மாரியோ விண்வெளிக்குப் போகட்டும், அந்த நூலகத்துக்குள் போவாரா?

கேள்வி: 2026 ஏப்ரலில் வரப்போகும் சூப்பர் மாரியோ கேலக்ஸி அனிமேஷன் படத்துக்குக் காத்திருக்கிறீர்களா? எதில் நம்பிக்கை, எதில் சந்தேகம்?

காத்திருக்கிறேன். முதல் வாரமே தியேட்டரில் இருப்பேன். சந்தேகமும் இருக்கிறது, ஆனால் ஊரெல்லாம் படுகிற சந்தேகம் வேறு, என்னுடையது வேறு.

ஊர் சந்தேகம் பெரும்பாலும் குரலைப் பற்றியது. முதல் படத்தில் மாரியோவுக்கு கிறிஸ் பிராட் என்று 2021 செப்டம்பரில் அறிவித்த அன்று இணையம் எப்படிக் கொதித்தது என்று நினைவிருக்கும். தொண்ணூறுகளிலிருந்து மாரியோவுக்குக் குரல் கொடுத்துவந்த சார்ல்ஸ் மார்ட்டினேயை விட்டுவிட்டு இவரா என்று ஒரே கூப்பாடு. படம் வந்தது. பத்து நிமிஷத்தில் காது பழகிப் போயிற்று. மார்ட்டினேயையும் ஒதுக்கிவிடவில்லை, மாரியோவின் அப்பாவாகப் பேச வைத்திருந்தார்கள். ஆகவே இப்போது புதுப் பாத்திரங்களான ரோசலினாவுக்கு பிரீ லார்சன், வில்லன் பவுசரின் மகன் பவுசர் ஜூனியருக்கு பென்னி சாஃப்டி என்று 2025 நவம்பர் ட்ரெய்லரோடு அறிவித்ததும் மறுபடி கிளம்பிய வாதங்களை நான் படிக்கக்கூட இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வீடியோ கேமைப் படமாக எடுத்தாலே உருப்படாது என்கிற கூட்டம். அவர்களுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1993இல் பாப் ஹாஸ்கின்ஸை மாரியோவாக்கி நிஜ மனிதர்களை வைத்து எடுத்த படம் படுத்ததில், அதன்பின் ஏறக்குறைய முப்பது வருஷம் மாரியோவை சினிமாப் பக்கமே அந்த கேமை உருவாக்கிய நின்டெண்டோ நிறுவனம் விடவில்லை. 2001இல் ஃபைனல் ஃபேன்டசி படம் தோற்றதோடு ஸ்கொயர் நிறுவனம் தன் அனிமேஷன் ஸ்டூடியோவையே மூடியது. சோனிக் என்கிற முள்ளெலி கேமைப் படமாக்கி அதன் முதல் ட்ரெய்லர் 2019இல் வந்தபோது அந்த மனிதப் பற்களைப் பார்த்து உலகமே அலறியதில், உருவத்தை முழுக்க மாற்றி வரைந்து படத்தை 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போட்டார்கள். ஆனால் 2023 ஏப்ரலில் வந்த மாரியோ படம் சுமார் 136 கோடி டாலர் வசூலித்தது. எடுக்க ஆன செலவு 10 கோடி டாலர். பணம் வருமா என்கிற கேள்வி அத்தோடு முடிந்தது. அதனால்தான் எனக்கு இந்தப் படம் ஓடுமா என்கிற பயம் கிடையாது. எனக்கு இருப்பது வேகத்தைப் பற்றிய பயம்.

முதல் படம் 92 நிமிஷம். எனக்குப் பிடித்த படம்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புரூக்ளின் தெருவில் மாரியோ கட்டட வேலைக்கான சாரங்களைத் தாண்டி ஓடும்போது கேமரா பக்கவாட்டில் நகருமே, அந்த இடத்தில் என்னை அறியாமல் கட்டைவிரல் அசைந்தது. தொண்ணூறுகளில் எங்கள் ஊர் வீடியோ கேம் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியவன் நான். டூப்ளிகேட் மெஷின், '9999 இன் 1' என்று லேபிள் ஒட்டிய கேசட், அதற்குள் திரும்பத் திரும்ப வருகிற அதே பத்துப் பதினைந்து கேம். இந்தியாவில் என் வயசுக்காரர்களில் பலருக்கு மாரியோ அறிமுகமானது அந்த வழியில்தான். அசல் நின்டெண்டோவைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்தோம். அதனால் அந்த ஓட்டம் பெரிய திரையில் வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தப் படம் எங்கேயும் நிற்கவில்லை. ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த இடம். பீச் இளவரசி குழந்தையாக இருக்கும்போது எங்கிருந்தோ குழாய் வழியாக வந்து விழுந்தவள், தான் எந்த உலகத்துப் பெண் என்பதே அவளுக்குத் தெரியாது. எவ்வளவு பெரிய விஷயம்! அதை ஒரு நடைப்பயணத்தின் நடுவில் நாலு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். காட்சி கொஞ்சம் தொய்யும் என்று பயந்த இடங்களில் எண்பதுகளின் பாட்டு ஒன்றைத் தூக்கிப் போட்டார்கள். மாரியோவின் பயிற்சிக் காட்சிக்கு ஒன்று, காங் ராஜ்ஜியத்துக்குள் வண்டியில் போகும்போது ஒன்று. மாரியோ கேம்களுக்கு கோஜி கோண்டோ போட்ட இசை நாற்பது வருஷமாகக் கையில் இருக்கிறது, பிரையன் டைலர் அதை வைத்து அருமையாகவே பின்னணி அமைத்திருந்தார், அதற்கு மேலே எதற்கு அந்தப் பாட்டுகள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதே இயக்குநர்கள்தான் இதற்கும்: ஆரன் ஹார்வத், மைக்கேல் ஜெலெனிக். அதே எழுத்தாளர், மேத்யூ ஃபோகல். அதே இல்யூமினேஷன் அனிமேஷன் நிறுவனம். எடுத்துக்கொண்டிருக்கும் பெயர் மட்டும் கேலக்ஸி. மாரியோ வரிசையில் எந்த கேமின் பெயரை எடுத்திருந்தாலும் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

கேலக்ஸியை ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2007 நவம்பரில் நின்டெண்டோ வீ கன்சோலுக்காக வந்தது. இயக்கியவர் யோஷியாகி கொய்சுமி. அதன் அடிப்படை யோசனை உருண்டை. குட்டிக் குட்டிக் கிரகங்கள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஈர்ப்பு விசை. நேராக நடந்துகொண்டே போனால் கிரகத்தின் அடிப்பக்கம் வழியாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள். முப்பரிமாண கேம்களில் வழி தொலைந்து, கேமராவைத் திருப்பித் திருப்பித் தலை சுற்றிப்போகிறவர்களுக்கு இது பெரிய நிவாரணம், ஏனென்றால் உருண்டைக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. முதல் தடவை தலைகீழாக நிற்கிற மாரியோவைப் பார்த்துவிட்டு நான் கன்ட்ரோலரையும் சேர்த்துச் சாய்த்துப் பிடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சுகம் கையில் இருப்பது. திரையில் இன்னொருவர் தலைகீழாக ஓடுவதைப் பார்த்தால் அது வராது. படத்தில் அழகாக இருக்கும், ட்ரெய்லரிலேயே அழகாக இருக்கிறது, ஆனால் கேமின் பாதி மாயம் அங்கேயே கழன்றுவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சினிமாவால் எடுத்துவர முடியாத பொருள் அது, அவ்வளவுதான்.

எடுத்துவர முடிகிற பொருள் வேறொன்று இருக்கிறது. என் பயமெல்லாம் அதன் மேல்தான்.

கேலக்ஸியில் எல்லா உலகங்களுக்கும் புறப்படுகிற நடுவிடம், வால்நட்சத்திரத்தோடு ஊர்ந்துபோகும் ஒரு விண்வெளிக் கூடம். அதன் தலைவி ரோசலினா. லூமா என்கிற நட்சத்திரக் குஞ்சுகளுக்கெல்லாம் அம்மா மாதிரி. அந்தக் கூடத்தில் ஒரு மூலையில் நூலகம். உள்ளே போனால் ரோசலினா லூமாக்களுக்குக் கதை படித்துக் காட்டுவாள். கேமில் முன்னேற முன்னேற ஒவ்வொரு அத்தியாயமாகத் திறக்கும். ஒரு சின்னப் பெண், துருப்பிடித்த விண்கலத்தில் தன் அம்மாவுக்காகக் காத்திருக்கும் ஒரு லூமா. அதன் அம்மாவைத் தேடித் தருகிறேன் என்று இவள் கிளம்புகிறாள். தேடித் தேடிப் போகிறார்கள். ஒரு கட்டத்தில் இவளுக்கு வீட்டு ஞாபகம் வருகிறது. தன் அம்மா வீட்டில் இல்லை, குன்றின் மேல் மரத்தடியில் உறங்குகிறாள் என்பது தனக்கு முன்பே தெரியும் என்று அழுகிறாள்.

மாரியோ கேமுக்குள் இது! காளான் தின்று பெரிதாகி ஆமையை மிதிக்கிற கேமுக்குள்.

கொய்சுமி இந்தக் கதையை ராத்திரி எல்லோரும் வீட்டுக்குப் போனபின் யாருக்கும் சொல்லாமல் எழுதியதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏன் ரகசியம் என்றால், மாரியோவுக்குக் கதையெல்லாம் தேவையில்லை என்பது மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவின் நெடுநாள் கட்சி. 2010இல் வந்த இரண்டாம் கேலக்ஸியில் கதையை ஏறக்குறைய துடைத்தே எடுத்துவிட்டார்கள். அந்த மியாமோட்டோதான் இப்போது இல்யூமினேஷனின் கிறிஸ் மெலடாண்ட்ரியோடு சேர்ந்து இந்தப் படத்தின் தயாரிப்பாளர்.

இன்னொன்றும் உண்டு. கேமில் அந்த நூலகத்துக்குள் போயே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் பவுசரை அடித்து, பீச்சை மீட்டு, கேமை முடித்துவிடலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் முடித்திருப்பார்கள். விரும்பியவர்கள் மட்டும் கதவைத் திறந்து போனோம். அதனாலேயே அந்தச் சோகம் நம்மை வற்புறுத்தி அழ வைப்பதாகத் தோன்றவில்லை. சினிமாவில் இந்த வசதி கிடையாது. அந்தக் கதையைப் படத்தில் வைத்தால், மடியில் பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கும் ஆறு வயசுப் பிள்ளைகள் உள்பட எல்லோரும் பார்த்தாக வேண்டும். வைக்காவிட்டால் ரோசலினா வெறுமனே மந்திரக்கோல் வைத்திருக்கும் இன்னொரு இளவரசி. நவம்பர் ட்ரெய்லரில் பவுசர் ஜூனியரின் ராட்சத இயந்திரத்தோடு அவள் மோதும் காட்சி பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் கேமில் அவள் சண்டைக்காரி இல்லை. தன் இடத்தில் நின்று, இந்தப் பிள்ளைகள் போனால் வேறு பிள்ளைகள் வரும் என்கிற மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவள். சண்டை போடுகிற ரோசலினாவை எடுப்பது சுலபம். அவளைச் சும்மா நிற்கவைத்து அஞ்சு நிமிஷம் கதை படிக்கவைக்க இந்த இயக்குநர்களுக்குத் தைரியம் வருமா என்பதுதான் என் கேள்வி.

வரலாம் என்பதற்கு ஒரே ஒரு ஆதாரம் என்னிடம் இருக்கிறது. முதல் படத்தில் பவுசரின் சிறையில் நீல நிறத்தில் ஒரு லூமா தொங்கிக்கொண்டிருந்ததே, சாவுதான் விடுதலை என்று குழந்தைக் குரலில் உற்சாகமாகப் பேசிக்கொண்டு? ஜெலெனிக்கின் மகள்தான் அதற்குக் குரல். தியேட்டரே சிரித்தது. கேலக்ஸியின் லூமாவை எடுத்து அதன் தலையில் சாவைப் பற்றிய நகைச்சுவையை ஏற்றியிருந்தார்கள். அந்த கேமுக்கும் மரணத்துக்கும் உள்ள உறவு இவர்களுக்குத் தெரியாமல் இல்லை என்று அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கிண்டலாகச் செய்யத் தெரிந்தவர்கள் நேராகவும் செய்வார்களா, பார்க்கலாம்.

இசையில் என் எதிர்பார்ப்பு கூடுதல், எரிச்சலும் கூடுதல். கேலக்ஸிக்கு மஹிட்டோ யோகோட்டாவும் கோண்டோவும் சேர்ந்து இசையமைத்தார்கள், நிஜ ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்தார்கள். விண்வெளிக் கூடத்தில் ஒலிக்கும் வால்ட்ஸ் மெட்டு ஆரம்பத்தில் மெலிதாக இருக்கும், நீங்கள் நட்சத்திரம் சேர்க்கச் சேர்க்கக் கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். டைலருக்கு இதைவிட நல்ல கச்சாப் பொருள் கிடைக்காது. அதன் மேல் இன்னொரு எண்பதுகள் ராக் பாட்டைத் தூக்கி வைத்தார்கள் என்றால் நான் சத்தமாகவே முனகுவேன். அப்புறம், முதல் படத்தில் டாங்கி காங் ராப் பாட்டைப் பயன்படுத்திக்கொண்டு, அதை இயற்றிய கிராண்ட் கர்க்ஹோப்பின் பெயரைக் கடைசியில் போடாமலே விட்டார்கள். அவரே வருத்தப்பட்டு எழுதினார். யோகோட்டாவின் பெயர் திரையில் வருகிறதா என்று இந்தத் தடவை எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்ப்பேன்.

சந்தேகமே இல்லாமல் எதிர்பார்ப்பது பவுசரைத்தான். முதல் படத்தின் முடிவில் சுருங்கிப்போய்ப் புட்டிக்குள் அடைபட்டவர், ட்ரெய்லரில் இன்னும் அதே உருவத்தில் பொம்மைக் கோட்டைக்குள் படம் வரைந்துகொண்டு திருந்தியவர் மாதிரி நடிக்கிறார். அல்லது நிஜமாகவே திருந்திக்கொண்டிருக்கிறார். மகன் வந்து அப்பாவை மீட்டு, பழைய முரட்டு அப்பாவாகவே இரு என்று கேட்கப் போகிறான். பவுசருக்குக் குரல் கொடுக்கும் ஜாக் பிளாக்குக்கு இது லட்டு மாதிரி வேஷம். அம்மா இல்லாத ரோசலினா ஒரு பக்கம், அம்மா யாரென்றே தெரியாமல் அப்பாவைத் தேடிவரும் பவுசர் ஜூனியர் இன்னொரு பக்கம். (2002இல் வந்த சன்ஷைன் கேமில் பீச்தான் தன் அம்மா என்று நம்பி அவளைத் தூக்கிக்கொண்டு போனவன் இவன். அவன் கையில் இருக்கும் தூரிகையும் அங்கிருந்து வந்ததுதான்.) இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டும் என்று ஃபோகலுக்குத் தோன்றியிருந்தால், நான் மேலே எழுதியிருக்கும் பயத்தில் முக்கால்வாசி வீண்.

மாரியோவின் டைனோசர் தோழன் யோஷியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். வருகிறான், நாக்கை நீட்டுவான், பிள்ளைகள் கத்தும். என் அக்கா மகன் அதற்காகத்தான் வருகிறான்.

உங்களுக்கு ஒரு யோசனை. முதலாம் கேலக்ஸியும் இரண்டாம் கேலக்ஸியும் சேர்ந்து 2025 அக்டோபரில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு மறுபடி வந்திருக்கின்றன. விலை அநியாயம், அதனால் வாங்கச் சொல்ல மாட்டேன், யாரிடமாவது இருந்தால் இரவல் கேளுங்கள். முழு கேமையும் முடிக்க வேண்டியதில்லை, நூலகத்தின் அத்தியாயங்கள் திறக்கும் வரை ஆடினால் போதும். அதைப் படத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். அந்தக் கதைக்கு கேமில் குரல் கிடையாது, வெறும் எழுத்துதான், அதனால் நம் மனசுக்குத் தோன்றிய குரலில் படித்துக்கொள்வோம். ஏப்ரலுக்கு அப்புறம் படித்தால் பிரீ லார்சன்தான் காதில் விழுவார்.