கூட்டு நீச்சலில் தூரத்தை எப்படி முடிவு செய்வது?

கேள்வி: எங்கள் நீச்சல் கிளப்பில் எல்லோரும் சேர்ந்து ஆங்கிலக் கால்வாயின் தூரத்தைக் குளத்திலேயே நீந்தி, ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்ட நினைக்கிறோம். எப்படித் திட்டமிடுவது?

ஆங்கிலக் கால்வாய் என்றதும் மலைப்பு வருவது இயல்பு. 1875இல் மேத்யூ வெப் தனியாளாக அதைக் கடக்க ஏறத்தாழ 22 மணி நேரம் பிடித்தது. ஆனால் கூட்டாக நீந்தும்போது கணக்கே வேறு. கால்வாய் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போவதை ஒரு நீளம் என்று வைத்தால், 25 மீட்டர் குளத்தில் 1,320 நீளம். நூறு மீட்டரை இரண்டு நிமிடத்தில் நீந்துகிறவர் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போவார். அப்படி மூன்று பேர் இறங்கினால் நான்கு மணி நேரத்துக்குள் கதை முடிந்தது. மற்றவர்கள் கரையில் நின்று கைதட்டலாம்.

நிதியும் அங்கேதான் படுத்துவிடுகிறது. போட்டி நீச்சல்காரர் இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனார் என்பதற்காக யாரும் பர்ஸைத் திறப்பதில்லை. தண்ணீரில் முகம் வைக்கவே பயந்தவர் பத்து நீளம் போகப்போகிறார் என்றால் அவருடைய சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் தாமாகவே கேட்டு வருவார்கள். ஆகவே அவருடைய நீளம் இல்லாமல் எட்ட முடியாத தூரமாக வையுங்கள்.

ஒரே நாள் நிகழ்ச்சி என்றால் கால்வாய் போதும். ஆளுக்கு இத்தனை நீளத்துக்கு மேல் கணக்கில் வராது என்று உச்சவரம்பு போட்டுவிடுங்கள். ஒரு மாதம் நடத்துவதானால் கால்வாய் மிகச் சிறியது. முப்பது பேர், வாரம் இரண்டு முறை, சராசரி ஒரு கிலோமீட்டர் என்றாலே நான்கு வாரத்தில் 240 கிலோமீட்டர் ஆகிவிடும். உங்கள் வருகைப் பதிவேட்டை வைத்து இப்படிப் போட்டுப் பார்த்து, வருவதைவிடச் சற்றே கூட்டி இலக்கு வையுங்கள். வரைபடத்தில் அதற்குப் பொருத்தமான பாதையைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

எண்ணுவதை அலட்சியமாக விடாதீர்கள். போய்வருவதை ஒன்றாக எண்ணுகிறவரும் இரண்டாக எண்ணுகிறவரும் ஒரே தாளில் எழுதினால் மொத்தம் நாறிவிடும். மீட்டரில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். தடத்துக்கு ஒருவர் கரையில் உட்கார்ந்து கோடு போடட்டும். எங்கள் கிளப்பில் மிதவைப் பலகையோடு நீந்தும் ஓர் அம்மா, சுவரைத் தொட்டதும் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளில் கோடு விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். விழாவிட்டால் எண்ணுகிறவர் பாடு திண்டாட்டம்தான்!

உயிர்காப்பாளரிடம் மட்டும் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அவர் கண் தாளில் இருக்கக் கூடாது. மூச்சை அடக்கி நீருக்கடியில் போகும் நீளங்களுக்குக் கணக்கே இல்லை என்றும் அறிவித்துவிடுங்கள். அப்படிப் போனால் எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரலாம்.

பணத்துக்கு வருவோம். நீளத்துக்கு இவ்வளவு என்று வாக்களிப்பவரிடம் அதிகபட்சத் தொகையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதிர்பாராத பெரிய தொகையோடு போய் நின்றால் இருவருக்குமே சங்கடம். தொகையை முன்கூட்டியே, நேராகத் தொண்டு நிறுவனத்தின் கணக்கிலேயே செலுத்தச் சொல்வது இன்னும் நல்லது. நீந்தி முடித்து மூன்று வாரம் கழித்துக் கேட்டால் பாதிப் பேருக்கு நினைவே இருக்காது. குள வாடகையைக் கிளப் தருகிறதா, நன்கொடையில் கழிக்கப் போகிறீர்களா என்பதை முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். அந்தக் கேள்வி எப்படியும் வரும்.