தாக்குதலுக்கு எந்தப் பெயரைச் சூட்டுவது? – கேள்வி பதில்

நிறுவனங்களின் கணினி அமைப்புகள் மீது நடக்கும் தாக்குதல்களை வகைப்படுத்துவது குறித்துப் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே செய்தியைக் கேட்டவற்றை ஒன்றாக்கிவிட்டு, மற்றவற்றுக்குக் கீழே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி (தகவல் தொழில்நுட்பப் பிரிவின் பொறுப்பாளர்): ஐயா, எங்கள் பதிவேட்டில் வைரஸ், ஹேக்கிங், பிஷிங், ரான்சம்வேர், மற்றவை என ஐந்து வகைகள் வைத்திருக்கிறோம். ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை ‘மற்றவை’யில்தான் கிடக்கின்றன. எங்கே பிழை?

பதில்: உங்கள் ஐந்து வகைகளும் ஒரே கேள்விக்கு விடை சொல்பவை அல்ல. பிஷிங், அதாவது போலி மின்னஞ்சல் போன்றவற்றால் ஏமாற்றுவது, உள்ளே நுழையும் வழி. ரான்சம்வேர், அதாவது கோப்புகளைச் சாவியின்றித் திறக்க முடியாதபடி மறையாக்கம் செய்து பணம் கேட்பது, நுழைந்த பிறகு ஏற்படுத்தும் கேடு. ஹேக்கிங் என்பது ஏறக்குறைய எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் சொல். ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஊழியர் ஒருவர் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறக்கிறார். அதிலிருந்த மேக்ரோ (ஆவணத்துக்குள் பொதிந்த சிறு நிரல்) விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை இயக்குகிறது. அது அந்தக் கணினியின் நினைவகத்தில் இருந்த நிர்வாகியின் கடவுச்சொல் விவரத்தை எடுத்துக்கொள்கிறது. தாக்குபவர் அதைக் கொண்டு ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சர்வருக்குத் தாவுகிறார். பேக்கப் பிரதிகளை அழித்துவிட்டுக் கோப்புகளை மறையாக்கம் செய்கிறார். இதை உங்கள் பதிவேட்டில் எங்கே எழுதுவீர்கள்? நான்கு வகைகளிலும் எழுதலாம் என்பதால், வேலை மிகுந்த நாளில் பதிவு செய்பவர் ‘மற்றவை’யைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகிறார்.

இந்தச் சிக்கல் பழையது. ஹோவர்டும் லாங்ஸ்டாஃபும் 1998-இல் வெளியிட்ட பொதுச் சொற்கட்டமைப்பே ஒரு நிகழ்வைத் தாக்குபவர், கருவி, பலவீனம், செயல், இலக்கு, விளைவு, நோக்கம் என ஏழு பத்திகளாக (நெடுவரிசைகளாக) பிரித்துவிட்டது. பின்னர் வெரைசன் நிறுவனம் உருவாக்கிய வெரிஸ் என்ற கட்டமைப்பு அதை யார், என்ன செய்தார், எதன் மீது, அதன் எந்தப் பண்பு கெட்டது என்ற நான்காகச் சுருக்கியது. நீங்கள் ஏழையும் வைக்க வேண்டியதில்லை. நுழைந்த வழி, உள்ளே செய்த செயல்கள், பாதிக்கப்பட்ட உடைமை, விளைவு என்று நான்கு பத்திகள் போதும். இவற்றில் செயல்களுக்கான பத்தியில் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட குறிகளை இடலாம் என்று விதி வகுத்துக்கொள்ளுங்கள்; மற்றவற்றில் ஒன்றுதான். அதற்குப் பிறகும் ஒரு பத்தியில் ‘மற்றவை’ பெருகினால், அந்தப் பத்தியில் ஒரு வகை விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

கேள்வி (கணினி அறிவியல் மாணவி): கில் செயின், மைட்டர் அட்டாக் ஆகிய இரண்டும் தாக்குதலின் படிநிலைகளைத்தான் சொல்கின்றன. பிறகு எதற்கு இரண்டு?

பதில்: லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தினர் 2011-இல் முன்வைத்த கில் செயின், வேவு பார்ப்பது முதல் நோக்கத்தை நிறைவேற்றுவது வரை ஏழு கட்டங்களைக் கொண்டது. ஏதேனும் ஒரு கட்டத்தில் தடுத்தாலும் தாக்குதல் அறுந்துவிடும் என்பதே அதன் அடிப்படை. நிர்வாகக் குழுவுக்கு விளக்குவதற்கு அது நல்ல கருவி. ஆனால் ஏழு கட்டங்களில் பெரும்பாலானவை நுழைவதற்கு முன்னும் நுழையும்போதும் நடப்பவை. உள்ளே வந்தபின் வாரக்கணக்கில் நடக்கும் நடமாட்டம் முழுவதும் கடைசிக் கட்டத்துக்குள் அடைபட்டுவிடுகிறது.

மைட்டர் நிறுவனம் 2013-இல் தொடங்கி 2015-இல் பொதுவெளிக்குத் தந்த அட்டாக் பட்டியல், அந்த உள்நடமாட்டத்தைப் பிரித்துப் பார்க்கிறது. தாக்குபவர் எதற்காக ஒன்றைச் செய்கிறார் என்பது உத்தி. எப்படிச் செய்கிறார் என்பது நுட்பம். 2020 அக்டோபர் பதிப்பில் நிறுவனங்களுக்கான உத்திகள் 14 ஆயின. இவை வரிசையாக நடந்தாக வேண்டும் என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

இதன் உண்மையான பயன் நுட்பங்களுக்குக் கீழே வரும் துணைநுட்பங்களில் இருக்கிறது. ஒவ்வொரு நுட்பத்துக்கும் ஓர் எண் உண்டு; டி1110 என்பதைப் பாருங்கள். கடவுச்சொல்லை முட்டி மோதிக் கண்டுபிடிக்கும் முறைகள் எல்லாம் அதன்கீழ் வருகின்றன. ஒரே கணக்கில் பல கடவுச்சொற்களை முயன்று ஊகிப்பது ஒன்று. திருடிய ஹேஷ் கோப்பை (கடவுச்சொற்களை நேரடியாகப் படிக்க முடியாத வடிவில் வைத்திருக்கும் கோப்பை) தம் கணினியில் வைத்து உடைப்பது இன்னொன்று. பரவலாகப் புழங்கும் ஒரே கடவுச்சொல்லை நூற்றுக்கணக்கான கணக்குகளில் தெளித்துப் பார்ப்பது மூன்றாவது. வேறொரு தளத்தில் கசிந்த பெயர்–கடவுச்சொல் இணைகளை இங்கே கொண்டுவந்து போட்டுப் பார்ப்பது நான்காவது. ஐந்து முறை தவறினால் கணக்கைப் பூட்டும் விதி முதலாவதைத் தடுக்கும். மூன்றாவதில் ஒரு கணக்குக்கு ஒரு முயற்சிதான் விழுகிறது என்பதால் அந்த விதி வாய் திறக்காது. அங்கே ஒரே முகவரியிலிருந்து, அல்லது குறுகிய நேரத்துக்குள், எத்தனை கணக்குகளில் தோல்வி பதிவாயிற்று என்று எண்ண வேண்டும். நான்காவதில் கடவுச்சொல் சரியானதாகவே இருப்பதால் முதல் முயற்சியே வெற்றியாகக்கூடும். பல்படிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பது) ஒன்றே நம்பகமான தடை. இரண்டாவதோ உங்கள் லாக்கில் (கணினியின் நிகழ்வுப் பதிவில்) தென்படவே தென்படாது. உடைப்பதற்கு நீண்ட காலம் பிடிக்கும் ஹேஷ் முறையை முன்கூட்டியே தேர்ந்திருந்தால்தான் தப்பலாம். ‘கடவுச்சொல் தாக்குதல்’ என்று ஒற்றைப் பெயரில் பதிந்திருந்தால் இந்த நான்கு முடிவுகளில் எதையும் எடுத்திருக்க முடியாது.

கேள்வி (சிறு நிறுவனம் ஒன்றின் வலைப்பின்னல் நிர்வாகி): நாங்கள் இருவர்தான் எல்லாவற்றையும் பார்க்கிறோம். அட்டாக் பட்டியல் முழுவதையும் எடுத்தாள வேண்டுமா?

பதில்: வேண்டாம். அலர்ட் வரும் நுட்பங்களின் கட்டங்களுக்கெல்லாம் பச்சை வண்ணம் பூசி அறிக்கை தயாரிக்கும் வேலையில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஒரு நுட்பத்துக்கு ஒரு வகையில் அலர்ட் வருகிறது என்பதாலேயே அந்த நுட்பம் முழுவதும் அடைபட்டதாகாது. உங்களுக்கே நேர்ந்த நிகழ்வுகளையும், உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு நேர்ந்ததாக வெளியான விவரங்களையும் எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து நுட்பங்களை மட்டும் குறியுங்கள். பிஷிங், செல்லுபடியாகும் கணக்கைத் தவறாகப் பயன்படுத்துதல், இணையத்தை நோக்கியிருக்கும் மென்பொருளின் ஓட்டை ஆகிய மூன்றும் அநேகமாக அதில் இடம்பெறும்.

கேள்வி (கண்காணிப்பு மையத்தில் இரவுப் பணியில் இருப்பவர்): அலர்ட் வந்த முதல் மணி நேரத்திலேயே டிக்கெட்டில் (நிகழ்வைப் பதியும் படிவத்தில்) வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அரைகுறை விவரத்தை வைத்து எப்படி முடிவு செய்வது?

பதில்: முதல் மணி நேரத்தில் கண்டதை எழுதுங்கள், கருதியதை எழுதாதீர்கள். ‘ரான்சம்வேர்’ என்பது கருதியது. ‘மூன்று கணினிகளில் கோப்புகள் திறக்கவில்லை, பணம் கேட்கும் திரை தோன்றியது’ என்பது கண்டது. இந்த வேறுபாடு வெறும் எழுத்துநடை ஒழுங்கு அன்று என்பதற்கு 2017-ஆம் ஆண்டே சான்று.

அந்த ஆண்டு மே 12-ஆம் தேதி வானாகிரை என்ற ரான்சம்வேர் பரவியது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓட்டையை எடர்னல்புளூ என்ற கருவியால் பயன்படுத்திக்கொண்டு, யாரும் எதையும் சொடுக்காமலேயே கணினி விட்டுக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஜூன் 27-ஆம் தேதி நாட்பெட்யா வந்தது. அதே எடர்னல்புளூ, அதே போன்ற பணம் கேட்கும் திரை, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின். ‘வானாகிரை வகை’ என்று பெயரிடத் தோன்றுவது இயல்பே. அந்தப் பெயரை நம்பியவர், பேட்ச் போட்டாயிற்று, நமக்குக் கவலையில்லை என்றுதான் எண்ணியிருப்பார். ஆனால் நாட்பெட்யா நினைவகத்திலிருந்து கடவுச்சொல் விவரங்களை எடுத்து, நிர்வாகிகள் அன்றாடம் பயன்படுத்தும் தொலைநிலைக் கருவிகளைக் கொண்டு, பேட்ச் போட்ட கணினிகளுக்குள்ளும் நுழைந்தது. அது உள்ளே வந்த முதன்மை வழியும் வேறு: உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கியல் மென்பொருளின் அப்டேட். பணம் கட்டினாலும் பயனில்லை. திரையில் காட்டிய அடையாள எண் ஏதோ ஒரு தற்போக்கு எண்ணாக இருந்ததால், அதை வைத்து மீட்புச் சாவியை யாராலும் உருவாக்கித் தந்திருக்க முடியாது. ஆக, வேடம் ரான்சம்வேர், செயல் அழிப்பு.

நான்கு பத்திப் பதிவேட்டில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். நுழைந்த வழி வேறு, பரவிய முறையில் ஒரு பகுதி மட்டும் ஒன்று, விளைவு வேறு. ஆகவே டிக்கெட்டில் வகையோடு சேர்த்து, ‘ஐயம்’, ‘வாய்ப்பு மிகுதி’, ‘உறுதி’ என உறுதிநிலையைக் குறிக்க ஓரிடம் கேளுங்கள். வகையை மாற்றுவது தவறு செய்ததற்கான ஒப்புதல் அன்று என்பதை உங்கள் மேலாளர் ஏற்க வேண்டும். தொடக்கத்தில் இட்ட குறியை மாற்றத் தயங்கும் மையங்களின் ஆண்டறிக்கைகளை நான் பெரிதாக நம்புவதில்லை.

கேள்வி (திட்ட மேலாளர்): சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணையே தாக்குதலின் தீவிர வகையாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 0 முதல் 10 வரையிலான அந்த எண் மென்பொருளில் உள்ள பலவீனத்தை அளக்கிறது; தாக்குதலை அன்று. 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்ஃபார்ஜே என்ற ஜாவா மென்பொருள் நூலகத்தின் ஓட்டைக்கு 10 தரப்பட்டது. அதே ஓட்டை, வாடிக்கையாளர் தரவு உள்ள சர்வரிலும் இருக்கலாம். வலைப்பின்னலிலிருந்து துண்டிக்கப்பட்ட சோதனைக் கணினியிலும் இருக்கலாம். மதிப்பெண் ஒன்றே, நிலைமை ஒன்றன்று. நடந்த நிகழ்வின் தீவிரத்தை, எந்த உடைமை, எந்த அளவுக்குக் கெட்டது என்பதிலிருந்து முடிவு செய்யுங்கள். பேட்ச் போடும் வரிசைக்கு மதிப்பெண்ணோடு, அந்த ஓட்டை நடைமுறையில் பயன்படுத்தப்படுகிறதா என்பதையும் பாருங்கள். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பர் முதல் அத்தகைய ஓட்டைகளின் பட்டியலை வெளியிட்டு வருகிறது.

கேள்வி (உள்தணிக்கையாளர்): தாக்கியவர் யார் என்பதையும் வகையாகப் பதிய வேண்டாமா?

பதில்: எந்த நாடு, எந்தக் குழு என்ற ஆராய்ச்சி பெரும்பாலான நிறுவனங்களின் பாதுகாப்பு முடிவுகளை மாற்றுவதில்லை. வெளியாளா, ஊழியரா, கூட்டு நிறுவனமா என்பது மட்டும் மாற்றும். ஊழியர் என்றால், வேண்டுமென்றே செய்த முறைகேட்டையும் கவனக்குறைவையும் தனித்தனியே பதியுங்கள். கிளவுட் சேமிப்பகத்தைத் திறந்து வைத்துவிட்டவர் தாக்குபவர் அல்லர். ஆயினும் தரவு வெளியே போயிற்று. அதைப் பதிவேட்டிலிருந்து விலக்கினால் தணிக்கைக்கு அரை உண்மைதான் கிடைக்கும். வெரிஸ் கட்டமைப்பு பிழையைத் தனிச் செயல்வகையாகவே வைத்திருக்கிறது.

கேள்வி (ஆய்வு மாணவர்): ஐயா, ஊடுருவல் கண்டறிதலுக்கான கேடிடி கப் 99 தரவில் பயிற்றுவித்த என் இயந்திரக் கற்றல் மாதிரி, தாக்குதல்களை 99 விழுக்காடு சரியாக வகைப்படுத்துகிறது. இதை நிறுவனங்களில் பயன்படுத்தலாமா?

பதில்: அந்த 99 எதில் வந்தது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் 41 பண்புகளால் விவரிக்கும் அந்தத் தொகுப்பில் தாக்குதல்கள் நான்கு வகை: சேவை மறுப்பு (சேவையை முடக்குதல்), துழாவல், தொலைவிலிருந்து உள்நுழைதல், சாதாரணப் பயனர் நிர்வாக உரிமையைக் கைப்பற்றுதல். பலரும் பயன்படுத்தும் 10 விழுக்காட்டுப் பயிற்சித் தொகுப்பில் மொத்தம் 4,94,021 பதிவுகள். அவற்றில் சேவை மறுப்பு மட்டும் 3,91,458. நிர்வாக உரிமையைக் கைப்பற்றும் வகையில் இருப்பவை வெறும் 52. அந்த 52-ஐயும் கோட்டைவிட்டாலும் உங்கள் 99-க்கு ஒரு கீறலும் விழாது. நிறுவனத்துக்கோ அந்த 52-தான் உயிர்நிலை. சேவை மறுப்பு நடந்தால் மாதிரியின் உதவி இல்லாமலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக, பிடித்தது எத்தனை, தவறவிட்டது எத்தனை, வீண் அலர்ட் எத்தனை என்று அட்டவணை போடுங்கள். தரவு 1998-ஆம் ஆண்டு ஆய்வகத்தில் உருவாக்கிய போக்குவரத்திலிருந்து வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். இன்றைய மறையாக்கம் செய்த இணைப்புகள் அப்படி இருக்காது. மாதிரியைக் கைவிடச் சொல்லவில்லை. அலர்ட்டுகளைப் பிரித்து வரிசைப்படுத்தும் உதவியாளாக அதை வைத்துக்கொள்ளலாம். வகையை முடிவு செய்யும் பொறுப்பு மனிதரிடம் இருக்கட்டும்.

கேள்வி (பதிவேட்டைப் பராமரிப்பவர்): வகைப்பட்டியல் மாறும்போதெல்லாம் பழைய பதிவுகளையும் திருத்த வேண்டுமா?

பதில்: எல்லாவற்றையும் திருத்த வேண்டாம், ஒவ்வொரு குறியோடும் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்பதை எழுதிவைத்தால் போதும். பவர்ஷெல்லுக்கு முன்பு டி1086 என்ற எண் இருந்தது. 2020-இல் துணைநுட்பங்கள் வந்தபோது அது டி1059.001 ஆயிற்று. பதிப்பைக் குறிக்காத பதிவேட்டில் இந்த இரண்டும் வெவ்வேறு நுட்பங்களாக எண்ணப்பட்டு, ஒன்று திடீரென ஒழிந்ததாகவும் மற்றொன்று திடீரெனப் பெருகியதாகவும் வரைபடம் காட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு வகைக்கும் எதிரே, ‘இந்தக் குறி விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். இரண்டு வகைகளுக்கு ஒரே வரி வந்தால் அவற்றை இணைத்துவிடலாம். ஒரே வகைக்கு மூன்று வெவ்வேறு வரிகள் தேவைப்பட்டால் அதைப் பிரித்துவிடுங்கள்.