ஒன்லைனில் மலிவு அறை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாடசாலை விடுமுறை நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஹோட்டல் அறை பற்றியவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவரின் கடிதத்தை மட்டும் எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ரொறன்ரோவில் எங்கள் வீட்டுக் கல்யாணம். பிரைஸ்லைன் என்ற முன்பதிவுத் தளத்தில் நாமே ஒரு விலை கேட்கலாம், பாதி விலைக்கு அறை விழும் என்று அங்குள்ள அண்ணா சொல்கிறார். அந்தப் பக்கத்தை எங்கு தேடியும் காணவில்லை. – ச. ர., வெள்ளவத்தை

காணமாட்டீர்கள், அது பழைய கதை. 1998இல் தொடங்கிய பிரைஸ்லைன் அந்த முறையால்தான் பெயரெடுத்தது. நகரத்தில் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம், என்ன விலை என்று நாம் சொல்வோம். ஏதாவது ஹோட்டல் சம்மதித்தால் கார்டில் காசு உடனே போய்விடும், அதன் பிறகுதான் பெயரே தெரியும். சம்மதிக்காவிட்டால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்க ஒரு நாள் காத்திருக்க வேண்டும். இதில் கெட்டிக்காரர்கள், தாங்கள் கேட்கும் தரத்தில் ஹோட்டலே இல்லாத ஒரு பகுதியையும் சேர்த்து அதைப் புதுக் கேள்வியாக்கி, காத்திருக்காமல் மறுபடி விலை கேட்பார்கள். உங்கள் அண்ணா அந்தக் காலத்து ஆளாக இருக்க வேண்டும். விமானச் சீட்டுக்கு இந்த முறையை 2016இல் நிறுத்தினார்கள், பிறகு ஹோட்டலுக்கும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது மிஞ்சியிருப்பது பெயர் மறைத்த அறைகள். பிரைஸ்லைனில் எக்ஸ்பிரஸ் டீல், ஹொட்வயர் தளத்தில் ஹொட் ரேட். விலையை அவர்களே போடுவார்கள், பெயரை மட்டும் காசு கட்டும்வரை காட்டமாட்டார்கள். கல்யாண மண்டபம் ஸ்காபரோவில் என்றால் பகுதியையும் ஸ்காபரோ என்றே தெரிவு செய்யுங்கள். காட்டும் விலைக்கு மேல் ஒன்ராறியோவில் 13 வீத வரியும் நகர வரியும் ஏறும். கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத்தைப் பார்த்த பிறகே கார்டை எடுங்கள்.

கடைக்குச் சாமான் எடுக்க பாங்கொக் போகிறேன். பெயர் மறைத்த அறை வாங்கினால் பிரதுனாம் சந்தைக்குத் தூரத்தில் தள்ளிவிடுவார்களா? – ப. க., கொட்டாஞ்சேனை

பெயரை மறைத்தாலும் பகுதியை மறைக்க முடியாது. ஆனால் அந்தப் பகுதியை எவ்வளவு பெரிதாக வரைந்திருக்கிறார்கள் என்பதை வரைபடத்தில் பாருங்கள். மூட்டையோடு திரும்பி வரும் ஆளுக்கு இரண்டு கிலோமீற்றர் பெரிய தூரம்.

பெயரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மறைத்த அறையின் பக்கத்தை ஒரு திரையிலும், அதே தளத்தின் வழமையான பட்டியலை இன்னொரு திரையிலும் திறந்துகொள்ளுங்கள். திகதி, ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். பிறகு வழமையான பட்டியலை அதே பகுதி, அதே நட்சத்திரம், அதே விருந்தினர் மதிப்பெண் என்று வடிகட்டுங்கள். பாங்கொக்கில் நூற்றுக்கணக்கில் நின்ற பட்டியல் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கும். இனி வசதிகளை ஒப்பிடுங்கள்: நீச்சல் தடாகம் உண்டா, வாகனத் தரிப்பிடம் உண்டா, விமான நிலைய வாகனம் உண்டா. பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்தான் மிஞ்சும். அவற்றில் எது விழுந்தாலும் சரி என்றால் வாங்குங்கள். அதில் ஒன்று உங்களுக்கு ஆகவே ஆகாது என்றால் விட்டுவிடுங்கள், அதுதான் விழும் என்று வைத்துக்கொண்டு முடிவெடுப்பது நல்லது. மிச்சம் ஓரிரண்டாயிரம் ரூபாதான் என்றால் இந்தச் சிரமமே வேண்டாம், பெயர் தெரிந்த அறையையே எடுங்கள்.

ஐந்து நட்சத்திர ஹோட்டல் 10 டொலருக்குக் கிடைக்குமா? – வாசகர், தெஹிவளை

கிடைக்காது. அப்படிக் காட்டும் தளத்தில் கார்டு இலக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

பிரான்ஸ் விசாவுக்கு ஹோட்டல் புக்கிங் காட்ட வேண்டும். ஆக மலிவாக, காசு திரும்பாத அறை ஒன்றை எடுத்துவிட்டேன். விசா கிடைக்காவிட்டால் காசு வருமா? – ந. தி., கொழும்பு 13

வராது. இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன். விசா கையில் வரும்வரை காசு திரும்பாத அறையைத் தொடாதீர்கள்.

நம்முடைய கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டணம், மறுத்தாலும் திரும்பாது. முடிவு வர வழமையாக 15 நாள், மேலதிகமாக ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் 45 நாள் வரை இழுக்கும். பயணத் திகதி தள்ளிப்போனால் அந்த அறையும் போய்விடும். முப்பது யூரோ மிச்சம் பிடிக்கப் போய் முந்நூறு யூரோ இழந்தவர்களின் கடிதங்கள் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன. மனது பொறுக்கவில்லை.

இதற்குப் பயண முகவர்கள் சிலரும் காரணம். "புக்கிங் ஒன்று அடித்துத் தருகிறேன்" என்று ஐயாயிரம் ரூபா வாங்கிக்கொண்டு கொடுக்கும் தாளில் இருக்கும் இலக்கத்துக்கு ஹோட்டலில் அறையே இருக்காது. தூதரகம் ஹோட்டலைக் கேட்டால் அது பொய் ஆவணம். விசா மறுப்போடு உங்கள் பெயரும் கெட்டுவிடும், அடுத்த விண்ணப்பத்திலும் அது தொடரும். முகவருக்கு ஒரு நட்டமும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய, உங்கள் சொந்தப் பெயரில் உள்ள அறையை எடுங்கள். கொஞ்சம் விலை கூடத்தான், அந்தக் கூடுதலை விசாச் செலவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரத்துச் செய்யும் கடைசித் திகதியைத் தொலைபேசியில் குறித்து வையுங்கள், அது ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி. விண்ணப்பம் கொடுத்த மறுநாளே ரத்துச் செய்யவும் கூடாது, முடிவு வரும்வரை அறை உங்கள் பெயரில் இருக்கட்டும். விசா வந்த பிறகு மலிவான அறை தேடுங்கள், அப்போது பெயர் மறைத்ததையும் எடுக்கலாம். உறவினர் வீட்டில் தங்குவதென்றால் ஹோட்டலே தேவையில்லை. பிரான்சில் அவர் தம் ஊர் மாநகரசபையில் வரவேற்புச் சான்று எடுத்து அனுப்பினால் போதும். பாரிஸ் லாச்சப்பலில் சித்தப்பா இருக்க ஹோட்டலுக்குக் காசு கட்டும் பிள்ளைகளை என்னவென்று சொல்வது!

உங்கள் விஷயத்தில் இப்போதே ஹோட்டலுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, திகதி மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். சிலர் மனம் வைத்து மாற்றுவார்கள். விசா மறுத்த பிறகு கேட்டால் அதுவும் நடக்காது.

நல்லூர்த் தேருக்கு யாழ்ப்பாணத்தில் மலிவு அறை எந்தத் தளத்தில்? – இ. ம., வத்தளை

எந்தத் தளத்திலும் இல்லை. 25 நாள் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். விடுதிக்காரரைப் பல மாதம் முன்பே அழைத்துப் பேசுங்கள். ஏப்ரலில் நுவரெலியாவுக்கும் பெரஹராவுக்குக் கண்டிக்கும் இதே பதில்தான்.

20,000 என்று போட்டிருந்த அறைக்கு 27,000 கேட்டார்கள். ஏமாற்றுத்தானே? – அ. யோ., மட்டக்குளி

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் அடையாளம் (++) இருந்ததா என்று பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்பதுதான் அதன் அர்த்தம். சேவைக் கட்டணம் 10 வீதம், அதையும் சேர்த்து வற் 18 வீதம், இடையில் சமூகப் பாதுகாப்பு வரி, சில்லறை வரிகள். 20,000 ஏறக்குறைய 27,000 ஆகத்தான் வரும். அமெரிக்காவில் கட்டாயக் கட்டணங்களை ஒளித்துவைக்காமல் சேர்த்தே காட்ட வேண்டும் என்று 2025 மே முதல் விதி வந்துவிட்டது. இங்கே கடைசிப் பக்கத்து மொத்தத்தை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

உள்ளூர் ஹோட்டலுக்கு இன்னொன்று. தளத்தில் கண்ட விலையைப் படம் பிடித்து ஹோட்டலின் முன்பதிவுப் பிரிவுக்கு வட்ஸ்அப் பண்ணுங்கள். இலங்கையர் விலை உண்டா என்று கேளுங்கள், அடையாள அட்டை காட்டினால் பல இடங்களில் உண்டு. தளத்துக்குப் போகும் 15 வீதமளவு தரகு அவர்களுக்கு மிஞ்சுவதால், விலை குறைக்காவிட்டாலும் காலைச் சாப்பாடாவது சேர்ப்பார்கள்.

நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பெயர் மறைத்த அறை சரிவருமா? – வாசகர், பம்பலப்பிட்டி

வேண்டாம். அந்த அறைகளில் பொதுவாக இரண்டு பேருக்குத்தான் உறுதி. கட்டில் எது, மேலதிகக் கட்டில் உண்டா என்பதெல்லாம் போன பிறகு கிடைத்தால் உண்டு.

ஒரு ஹோட்டல் புக் பண்ணினேன், காசு திரும்பத் தருகிறார்கள் இல்லை. என்ன செய்யலாம்? – பெயரில்லை, ஊரில்லை

எந்த ஊர், எந்தத் தளம், எந்தத் திகதி, ரத்துச் செய்யலாம் என்று இருந்ததா? ஒன்றையும் எழுதாமல் என்னிடம் கேட்டால் நான் எதைச் சொல்வது? உறுதிப்படுத்தல் மின்னஞ்சலின் பிரதியோடு திரும்ப எழுதுங்கள், தம்பி.

கோலாலம்பூர் ஹோட்டலில் கார்டு மெஷின், ரூபாயா ரிங்கிட்டா என்று கேட்டது. எது நல்லது? – சு. வி., கல்கிசை

ரிங்கிட். ரூபாயை அமத்தினால் மாற்று விலையை அந்த மெஷின்காரர் தம் லாபத்தோடு போடுவார். வெளிநாட்டவரிடம் அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள், அது முறையான வரிதான். முற்பணமாகப் பிடித்துவைக்கும் தொகைக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள், விடுவிக்க நாளெடுக்கும், அதுவரை உங்கள் காசு முடங்கிக் கிடக்கும். கடனட்டையில் பிடிக்கச் சொல்லுங்கள்.