உளுந்து வேரில் உருண்டை: பிடுங்க வேண்டாம்

உளுந்து இலை வெளுக்கிறது, வேரில் உருண்டைகள் இருக்கின்றன, செடியைப் பிடுங்குவதா, மருந்து அடிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். செடிகளைப் பிடுங்காதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். மியான்மரின் பெகு பக்கம் நெல் அறுத்த வயலில் விதைத்த உளுந்தின் வேரில் நீங்கள் பார்த்த உருண்டைகள் பெரும்பாலும் நோயல்ல. ரைசோபியம் வகைப் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகள். காற்றிலுள்ள நைட்ரஜனை அவை செடிக்கு உணவாக்கித் தருகின்றன, பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கிறது.

பிறகு ஏன் இலை வெளுக்கிறது? நெல் வயல் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் ஈரம்தான். தண்ணீர் தேங்கினால் முடிச்சுக்குக் காற்று போதாது, வேலை நின்றுவிடும்.

1. ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். இழுத்தால் முடிச்சு மண்ணிலேயே உதிர்ந்துவிடும்.

2. உருண்டையை விரலால் தள்ளுங்கள். சுலபமாகக் கழன்றால் முடிச்சு. வேரே வீங்கி, பிரிக்க வராவிட்டால் அது வேருக்குள் புகும் நுண்ணிய நூற்புழுவின் வேலை.

3. பெரிய முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் நன்றாக இயங்குகிறது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபினால் வருவது, நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினுக்கு உறவான பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முதலில் வாய்க்கால் வெட்டி நீரை வடியுங்கள். அவசரப்பட்டு யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். நைட்ரஜன் கூடினால் செடி புது முடிச்சு வைப்பதைக் குறைத்துவிடும்.

இதைப் பூக்கும் சமயத்தில் பாருங்கள். காய் முற்றும்போது முடிச்சு பச்சையாவது இயல்புதான். அப்புறம், இலை முழுக்க வெளுக்காமல் மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடிகளை மட்டும் உடனே பிடுங்கிவிடுங்கள்.