சந்தைப்பேட்டையில் மாடி எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர் நடுவில் இருக்கும் பழைய சந்தைப்பேட்டை பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. நகராட்சி அதை இடித்துவிட்டு மூன்று மாடி வணிக வளாகம் கட்டப் போகிறது. பழமை போய்விடும் என்று சிலர் எதிர்க்கிறார்கள். கருவேலம் மண்டிக் கிடப்பதைவிட ஏதாவது ஒன்று வந்தால் நல்லதுதானே?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட செட்டிநாட்டு வாசகர்)

பதில்: வரட்டும். ஊர் நடுவில் அவ்வளவு இடத்தைப் பூட்டி வைத்திருப்பது அநியாயம். ஆனால் 'ஏதாவது ஒன்று' போதும் என்று ஊர்க்காரர் நீங்களே சொல்லிவிட்டால், கான்ட்ராக்டருக்கு எது தோதோ அதுதான் வரும்.

நீங்கள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்தம். கடைகள் முதல் மாடியில்தான் ஆரம்பிக்கின்றன. எல்லாம் பத்துக்குப் பத்து, ஷட்டர் போட்டவை. கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் கத்தரிக்காய் மூட்டையோடு வந்து இறங்கும் அம்மா, அதைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறுவாரா? சிரமப்பட்டு ஏறினாலும், கால் கிலோ வெண்டைக்காய் வாங்க அவர் பின்னால் யார் ஏறுவார்கள்? காய்கறி, மீன், கீரை எல்லாம் நடந்து போகிறவர் கண்ணில் பட்டு, குனிந்து பொறுக்கி எடுக்கும்படி இருந்தால்தான் விற்கும். நகராட்சி வளாகங்கள் பலவற்றில் கீழ்க்கடைக்கு அடிதடி, மேல்கடைக்கு ஆளில்லை. பூட்டிய சந்தையை இடித்துவிட்டுப் பூட்டிய மாடியைக் கட்டுவதற்கா நம் வரிப்பணம்?

அடுத்தது ஏலம். கடைகளைப் பொது ஏலத்தில் விடுவார்கள். முன்பணம் லட்சக்கணக்கில் போகும். செல்போன் கடையும் ஜவுளிக் கடையும் எடுக்கும். இன்று பேட்டையின் மதில் ஓரத்தில் சாக்கு விரித்து, குடையை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு வியாபாரம் பார்க்கிறார்களே, அவர்கள் எங்கே போவார்கள்? உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களை மறக்கவில்லை. கணக்கெடுப்பு முடித்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. அந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் வியாபாரிகளே. 50 ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் இயல்பாகக் கூடி விற்றுவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, இந்த வரைபடம் அதன் முன்னால் வைக்கப்பட்டதா? முதலில் விசாரிக்க வேண்டியது இதுதான்.

பழமை பேசுகிறவர்களையும் ஒரே அடியாகத் தள்ளிவிடாதீர்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது, பெரிய வீடுகளை மட்டும் வைத்துச் சேர்க்கவில்லை. நேர்நேராகப் போட்ட தெருக்கள், மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு எல்லாம் அதில் சேர்த்தி. உங்கள் பேட்டைக்குப் பின்னால் ஊருணி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேட்டையில் விழும் மழை இப்போது அதற்குத்தான் ஓடும். வரைபடத்தில் எல்லை முட்ட கான்கிரீட். வரத்துக்கால் எங்கே என்று தேடினேன், காணோம். ஆற்றுப் பாசனம் இல்லாத சீமையில் வரத்தை அடைத்துவிட்டு, பிறகு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பது யார்?

சரி, என்னதான் கட்டுவது? உங்கள் வீட்டையே பாருங்கள். சுற்றிலும் தாழ்வாரம், நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கி வெளியே போகும். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மின்சாரம் வேண்டாம். அதையே பெரிதாகப் போட்டால் சந்தை. கல்தூண் கொட்டகை உறுதியாக இருந்தால் கூரை ஓடுகளை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்து விற்க முழங்கால் உயர மேடை, கழுவிவிடச் சரிவான தரை, பெண்களுக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறை, சரக்கு இறக்க ஒரு பக்க வழி. நகராட்சிக்கு வருமானம் வேண்டும் என்றால் சாலையை ஒட்டிய முகப்பில் ஒரு வரிசைக் கடை கட்டி ஏலம் விடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே தினசரிக் கட்டணத்தில் இடம் இருந்தால் போதும்.

இடித்தே ஆக வேண்டும் என்றால் இன்னொன்று. கல்தூண், தேக்கு உத்திரம், கதவு இவற்றைத் தனியாகக் கணக்கெடுத்து மதிப்புப் போட வேண்டும். செட்டிநாட்டு மரத்துக்கும் கல்லுக்கும் என்ன விலை என்று காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விசாரித்தால் தெரியும். 'இடிபாடு' என்று ஒரு வரியில் எழுதி ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடக் கூடாது.

மன்றத் தீர்மானம், மதிப்பீடு, வரைபடம் மூன்றின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 2022 நவம்பரிலிருந்து நகரங்களிலும், கிராம சபை மாதிரி, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. மதிலோரத்து வியாபாரிகளையும் அழைத்துக்கொண்டு போய் அங்கே பேசுங்கள். டெண்டர் முடிந்தபின் போனால் 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று அனுப்பிவிடுவார்கள். மனுவை இந்த வாரமே போடுங்கள்.